பழைய சக்கர் மீன் புதியவற்றை விரட்டுகிறது, என்ன செய்வது?

கேள்வி: வீட்டில் மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக ஆறு அங்குல சக்கர் மீன் ஒன்றும், சில கோல்டு ஃபிஷ்களும் இருக்கின்றன. போன வாரம் மூன்று அங்குல சக்கர் இரண்டு வாங்கி விட்டேன். அன்று இரவிலிருந்தே பழையது அவற்றை முட்டி விரட்டுகிறது. ஒன்றின் வால் கிழிந்துவிட்டது. அது பில்டருக்குப் பக்கத்தில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்குவதே இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு உடைந்த மண்பானை மட்டும் போட்டிருக்கிறேன். பழகிவிடுமா, பிரிக்க வேண்டுமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: மூன்று மீன்களுக்கு ஒரே ஒரு பானை. சண்டைக்குக் காரணம் அதுதான். சக்கர் தென் அமெரிக்காவைச் சேர்ந்த கெளுத்தி வகை. பகலில் பொந்தில் பதுங்கி, இரவில் தரையை மேயும். தன் பொந்துக்குப் பக்கத்தில் இன்னொரு சக்கர் வந்தால் விடாது. தானாகப் பழகும் என்று காத்திருந்தால் சிறியது இரண்டும் பட்டினியில் மெலிந்துவிடும்.

முதலில் வால் கிழிந்ததை இன்றே பிரியுங்கள். வலையால் பிடிக்காதீர்கள். துடுப்பு முட்களை விறைத்துக்கொண்டால் வலையில் சிக்கி, எடுக்கும்போது காயம் பெரிதாகும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை முன்னால் வைத்து உள்ளே தள்ளிவிடுங்கள். தொட்டித் தண்ணீரையே ஒரு டப்பில் ஊற்றி, ஏர் பம்ப் போட்டு வையுங்கள். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். குளோரின் போன தண்ணீராக இருக்கட்டும். கிழிந்த வால் பெரும்பாலும் தானாக வளர்ந்துவிடும். பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்தாலோ, ஓரம் சிவந்து கரைந்துகொண்டே போனாலோதான் மருந்து தேவை. கை நிறைய உப்பு அள்ளிப் போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. சக்கருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

இன்னொன்றும் பாருங்கள். மேலேயே இருக்கும் மீன் அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து காற்றைக் குடிக்கிறதா? அப்படியென்றால் பயம் மட்டும் காரணமில்லை, தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. கோல்டு ஃபிஷ் நிறையக் கழிவு போடும் மீன் என்பதால் இதற்கு வாய்ப்பு உண்டு.

அடுத்து, பழைய மீனையும் ஒரு வாளிக்கு மாற்றிவிட்டுத் தொட்டியைக் கலைத்து அடுக்குங்கள். பானை இருந்த இடத்தில் பானை இருக்கக் கூடாது. ஐந்து பொந்தாவது வேண்டும், அதுவும் ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதபடி மூலைக்கு மூலை. பிவிசி பைப் துண்டுகளே நல்லது, விலையும் குறைவு. சிறியவற்றுக்கு ஒன்றேகால் அங்குல பைப்பை, மீனைவிடக் கொஞ்சம் நீளமாக, இரு பக்கமும் திறந்தபடி போடுங்கள். பெரியது அதில் நுழைவது கஷ்டம். ஒரு வாயில் வந்து மறித்தாலும் சிறியது மறுவாய் வழியாகத் தப்பிக்கும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். புதியவை இரண்டும் முதலில் போகட்டும். ஓரிரு நாள் கழித்து, விளக்கை அணைத்த பிறகு பழையதை விடுங்கள். இடமெல்லாம் மாறியிருப்பதால் வந்தவுடன் அதிகாரம் பண்ணாது.

சாப்பாட்டுக்கும் அடித்துக்கொள்ளும். டேங்க் கிளீனர் என்று பெயர் வைத்து விற்பதால், பாசியைத் தின்றே வாழ்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வீட்டுத் தொட்டியில் அவ்வளவு பாசி ஏது? விளக்கணைத்த பின் மூழ்கும் தீவனத்தை இரண்டு மூன்று இடங்களில் போடுங்கள். லேசாக வேகவைத்த வெள்ளரி, சுரைக்காய்த் துண்டும் கொடுக்கலாம். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும். பசியில் விட்டால் கோல்டு ஃபிஷ்ஷின் உடம்பில் ஒட்டி வழுவழுப்பைச் சுரண்ட ஆரம்பிக்கும்.

இவ்வளவும் செய்தாலும் உங்கள் தொட்டியில் மூன்று சக்கர் நிலைக்காது. சுமார் 120 லிட்டர்தான் அது கொள்ளும். முதுகுத் துடுப்பு பாய்மரம் போல் விரிந்து, அதில் பத்துக்கு மேல் கதிர்கள் இருந்தால் உங்களுடையது ஓரடிக்கு மேல் வளரும் சாதாரண சக்கர். ஒன்றுக்கே பின்னால் இடம் பத்தாது. மூக்கின் மேல் கிளை கிளையாக மீசை மாதிரி முளைத்திருந்தால் அது வேறு வகை, ஐந்து ஆறு அங்குலத்தோடு நின்றுவிடும். அதில் இரண்டு வைக்கலாம், இரண்டும் ஆணாக இல்லாமல் இருந்தால்.

பத்து நாளில் விரட்டல் அடங்கவில்லையென்றால் புதியவற்றை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பணம் திரும்பாவிட்டாலும் பரவாயில்லை. குளத்திலோ நொய்யலிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டின் பல ஏரிகளில் இப்படி விடப்பட்ட சக்கர்தான் பெருகிக் கிடக்கிறது. கரையைக் குடைந்து முட்டையிடும், மீனவர்களின் வலையையும் முள்ளால் கிழித்துவிடும்.