அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து இயக்க எந்த மென்பொருள் வேண்டும்?

கேள்வி: அலுவலகத்தில் ஒரே விண்டோஸ் கணினியில் உள்ள கணக்கு மென்பொருளை நாங்கள் ஐந்து பேர் வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும். டெஸ்க்டாப் மெய்நிகராக்க மென்பொருளை வாங்கும்படி ஒருவர் சொல்கிறார். ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டாலே போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டாமவர் சொல்வதைச் செய்யவே வேண்டாம். போர்ட் என்பது இணைப்புகள் உள்ளே நுழையும் எண்ணிட்ட வாயில். ஒரு கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வசதி இயல்பாகப் பயன்படுத்தும் அந்தப் போர்ட்டைத் தேடி, இணையம் முழுவதையும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் துழாவிக்கொண்டிருக்கின்றன. திறந்திருப்பது தெரிந்ததும் கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்க்கின்றன. கடவுச்சொல்லே தேவைப்படாத வழியும் ஒருமுறை இருந்தது. 2019 மே மாதத்தில் வெளியான ‘புளூகீப்’ என்ற பாதுகாப்புக் குறை அத்தகையது. அதன் தீவிரம் கருதி, 2014-லேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. போர்ட் எண்ணை மாற்றி வைப்பதும் பெரிய பாதுகாப்பு ஆகாது. விபிஎன் (இணையத்தின் ஊடே அமைக்கப்படும் மறையாக்கப்பட்ட தனிப்பாதை) வழியாகவோ ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே (இணைப்புகளைச் சரிபார்த்து உள்ளே விடும் இடைநிலைச் சர்வர்) வழியாகவோ மட்டும் உள்ளே வரும்படி அமைத்து, கடவுச்சொல்லுடன், கைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இரண்டாம் சரிபார்ப்பையும் கட்டாயமாக்குங்கள்.

அடுத்து, ஐந்து பேர் என்பதுதான் உங்கள் தேவையைத் தீர்மானிக்கிறது. விண்டோஸ் ஹோம் பதிப்பு வெளியிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்பதில்லை. ப்ரோ பதிப்பு ஏற்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பணியாற்ற முடியும். ஆளுக்கொரு அலுவலகக் கணினி இருந்திருந்தால் ப்ரோ பதிப்பே போதுமானதாக இருந்திருக்கும். உங்களுக்கு ஏற்றது, விண்டோஸின் சர்வர் பதிப்பான விண்டோஸ் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப் சேவையை நிறுவி, ஒரே இயங்குதளத்தில் ஐவருக்கும் தனித்தனி அமர்வுகள் தருவதாகும். இதற்குச் சர்வர் உரிமத்தோடு பயனர்களுக்கான அணுகல் உரிமங்களையும் வாங்க வேண்டியிருக்கும் என்பதைச் செலவுக் கணக்கில் மறந்துவிடாதீர்கள். முழுத் திரைக்குப் பதிலாகக் கணக்கு மென்பொருளின் சாளரத்தை மட்டும் பயனருக்குக் காட்டும் ‘ரிமோட்ஆப்’ முறையும் இதிலேயே உண்டு.

முதலாமவர் சொன்ன முழுமையான டெஸ்க்டாப் மெய்நிகராக்கத்தில் ஒவ்வொருவருக்கும் சொந்த இயங்குதளத்துடன் ஒரு மெய்நிகர் கணினியே ஒதுக்கப்படுகிறது. சிட்ரிக்ஸ், அஸூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப் போன்றவை இதற்கு வழிசெய்கின்றன. பயனர்கள் நிறையப் பேராக இருக்கும்போதும், ஒருவர் நிறுவும் மென்பொருள் மற்றவரைப் பாதிக்கக் கூடாது என்னும்போதும் அது பொருந்தும்; ஒரே ஒரு மென்பொருளுக்காக ஐந்து பேர் அதைக் கட்டிப் பராமரிப்பது வீண்சுமை என்பதே என் கருத்து.

எதை வாங்குவதற்கு முன்பும், கணக்கு மென்பொருளைத் தயாரித்தவர்களிடம் இரண்டு விவரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரே தரவுக் கோப்பில் பலர் ஒருசேரப் பணியாற்ற அது இடம் தருகிறதா, சர்வரில் பல அமர்வுகளில் இயக்க அதன் உரிமம் அனுமதிக்கிறதா. இவற்றுள் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும், மேலே சொன்ன ஏற்பாட்டுக்குச் செலவிடுவதற்கு முன் பலர் பயன்படுத்தக்கூடிய பதிப்புக்கு மாறுவதைப் பற்றித்தான் நீங்கள் அவர்களிடம் பேச வேண்டும்.