முகப்பருக் குழிகளுக்குத் திருமணத்துக்கு முன் லேசர் செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 26, மாநிறம். கல்லூரிக் காலத்தில் வந்த பருக்களால் இரு கன்னங்களிலும் குழிகளும் கரும்புள்ளிகளும் உள்ளன. இப்போதும் மாதம் நான்கைந்து பருக்கள் வருகின்றன. மூன்று மாதத்தில் திருமணம். ஒரே முறை லேசர் செய்தால் போதும் என்கிறார்கள். முகம் கறுத்துவிடாதா?

பதில்: ஒரே முறையில் குழிகள் மறைந்துவிடும் என்று யார் சொல்லியிருந்தாலும், தயவுசெய்து அதை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். பரவலாகச் செய்யப்படும் ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர், தோலில் நுண்துளைகளை இட்டு, அவற்றுக்கு இடையிலுள்ள தோலைத் தொடாமல் விட்டுவைக்கிறது. அந்த நலமான தோலிலிருந்து காயம் விரைவாக ஆறி, அடியில் தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாகிக் குழி மேடேறுகிறது. இது மாதக்கணக்கில் நடக்கும் வேலை என்பதால், நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் மூன்று, நான்கு அமர்வுகளாவது தேவைப்படும். அதன் பிறகும் குழிகளின் ஆழம் குறையுமே தவிர, அவை அடியோடு மறையா.

கரும்புள்ளிகள் வேறு, குழிகள் வேறு. தட்டையான கரும்புள்ளி வெறும் நிறமி. வெயிலிலிருந்து காத்தால் சில மாதங்களில் தானாகவே மங்கும், அதற்கு இந்த லேசர் வேண்டாம். குழிகளிலும் எல்லாம் ஒன்றல்ல. ஊசியால் குத்தியதுபோல் குறுகி ஆழமாக இருப்பவற்றுக்கு, மருத்துவர் கையால் துளித்துளியாக வைக்கும் டி.சி.ஏ. (ட்ரைகுளோரோ அசெட்டிக்) அமிலம் பொருத்தமானது. அலைபோல் அகன்றிருப்பவற்றை அடியிலுள்ள நார்த்திசு கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருப்பதால், ஊசியால் அந்த நாரை அறுத்துவிடும் சப்சிஷன் இல்லாமல் லேசர் மட்டும் பெரிதாகப் பயன் தராது. விளிம்பு தெளிந்த, ஆழமில்லாத குழிகளுக்கே லேசர் நன்றாக உதவும்.

கறுத்துவிடுமோ என்ற உங்கள் அச்சம் நியாயமானதே. நம்முடைய தோலில் வெப்பம் பட்டால் நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு, சில வாரங்களில் கருமை படரக்கூடும். பெரும்பாலும் அது மாதங்களில் மறைந்துவிடும் என்றாலும், மணமேடையில் நிற்கும் நாளில் அது முகத்தில் இருக்க வேண்டியதில்லை. ஆகவே திருமணத்துக்கு முன் லேசர் வேண்டாம் என்பதே என் கருத்து.

இந்த மூன்று மாதங்களைப் பருக்களை அடக்குவதற்குப் பயன்படுத்துங்கள். புதுப்பரு வந்துகொண்டிருக்கும்வரை புதுக்குழியும் வரும். அசலாயிக் அமிலக் களிம்பு பருவையும் கரும்புள்ளியையும் ஒருசேரக் குறைக்கும். எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தினமும் தடவுங்கள். முகம் வெளுக்கும் என்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைத் தொடவே தொடாதீர்கள். அவையே பருவை வரவழைத்துத் தோலை மெலியச் செய்கின்றன. அப்படிக் கெட்டுப்போன முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. கடும் பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உட்கொள்பவராக இருந்தால், அதை நிறுத்தி ஒரு மாதம் கழியும்வரை கருத்தரிக்கவே கூடாது. கருவுக்குக் கடும் ஊனம் நேரக்கூடும். மணநாளை மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

பின்னர் லேசருக்குச் செல்லும்போது, காயம் பட்ட இடத்தில் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உங்களுக்கு உண்டா, உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமா என்பவற்றை மறைக்காமல் கூறுங்கள். காதுக்கு முன்புறம் சிறிய இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லி, நான்கு வாரம் கழித்து அந்த இடம் கறுக்காமல் இருந்தால் மட்டும் கன்னங்களுக்குச் சம்மதியுங்கள்.