2019-க்குப் பிறகு தேர்தல் நடத்தினீர்களா?

கேள்வி: சங்கமாகப் பதிவு செய்து, சிறப்புக் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றை 18 ஆண்டுகளாக நடத்துகிறோம். நான் தலைவர். தம்பி போல நினைத்து நான் செயலாளர் ஆக்கியவர், எனக்குத் தெரியாமல் கூட்டம் போட்டு என்னை நீக்கிவிட்டதாகத் தீர்மானம் எழுதி வங்கியில் கொடுத்துவிட்டார். கணக்கு முடங்கிக் கிடக்கிறது. 2019 பொதுக்குழுவில் என்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளிநாட்டு நன்கொடை வருகிறது. என் மகளின் கட்டடத்தில்தான் இல்லம் வாடகைக்கு இயங்குகிறது. அவர்மீது மோசடிப் புகார் கொடுக்கலாமா? வருமான வரித் துறைக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும் மனு எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள்.

அவர் நன்றி மறந்தவராகவே இருக்கட்டும், நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பில்லை. உங்கள் கடிதத்தில் சட்டப்படி முக்கியமானது ஒன்றுதான்: 2019. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு தேர்தல் நடத்தவில்லையென்றால், 2022-லேயே உங்கள் காலம் முடிந்துவிட்டது. அவருடைய காலமும்தான். அவர் தீர்மானம் செல்லாது என்று நீங்கள் வாதாடும் அதே நிமிடம், நீங்கள் தலைவரா என்ற கேள்வி வந்து நிற்கும்.

காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று சொல்லி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுவார்கள். சங்கப் பதிவாளரிடம், நிர்வாகிகள் மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7-ஐ ஆளுக்கொன்றாகத் தாக்கல் செய்தாலும், யார் உண்மையான நிர்வாகி என்று முடிவாகத் தீர்மானிப்பது அவர் வேலை இல்லை. சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்பார். போனால், தேர்தல் நடத்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நியமிக்கக்கூடும். அவருக்கான ஊதியம் சங்கப் பணத்திலிருந்துதான் போகும். அதற்குள் இரு தரப்பும் போட்டி போட்டு மச்சான், மருமகனையெல்லாம் உறுப்பினராகச் சேர்த்து, எது உண்மையான பதிவேடு என்பதே தனி வழக்காகியிருக்கும்.

இதைவிட மோசம் அந்த மனுக்கள். என்னிடம் வருபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். எதிராளியை மாட்டிவிட எழுதும் மனு, ஆளைப் பார்க்காது, கோப்பைத்தான் திறக்கும். ஒவ்வொரு வருடமும் வரவு செலவில் தலைவராகக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். ‘நிதியைச் சுருட்டினார்’ என்று எழுதினால், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அவருடைய பதில் மனுவில் முதல் பத்தி உங்கள் மகளின் வாடகையாக இருக்கும். நிறுவனரின் உறவினருக்கு நியாயமான வாடகை கொடுப்பது தவறில்லை. ஊர் நிலவரத்தை விட அதிகம் கொடுத்திருந்தால் வரிவிலக்குக்கே ஆபத்து. வெளிநாட்டு நன்கொடைப் பதிவு ரத்தானால் மூன்று ஆண்டுகளுக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தும் அரசு குறிக்கும் அதிகாரியின் பொறுப்புக்குப் போகும். நிர்வாகிகள் மாறினால் அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை.

என் ஆலோசனை உங்களுக்குப் பிடிக்காது: சமாதானமாகப் போங்கள். இருவருக்கும் பொதுவான ஒரு ஆடிட்டரை உட்கார வைத்து நிலுவைக் கணக்குகளை முடியுங்கள். தகராறு தொடங்கும் முன் பதிவாளரிடம் கடைசியாகத் தாக்கலான உறுப்பினர் பட்டியலை இருவரும் ஏற்றுக்கொள்ளுங்கள், புதிதாக ஒருவரையும் சேர்க்காதீர்கள். அந்தப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் துணைவிதிப்படி அறிவிப்பு அனுப்பித் தேர்தல் நடத்தி, ஒரே படிவம் 7 போடுங்கள். கூட்டாகக் கடிதம் கொடுத்து வங்கிக் கணக்கை இப்போதே திறக்கச் செய்யுங்கள், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடவேண்டுமே. தேர்தலில் நீங்கள் தோற்கவும் கூடும். அதற்குத் தயாராக இல்லையென்றால் பேச்சுவார்த்தைக்கே உட்காராதீர்கள்.

மகளோடு வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இல்லையென்றால் இன்றைய தேதியிலேயே எழுதுங்கள். பழைய தேதி போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், முத்திரைத்தாள் விற்ற தேதி அந்தத் தாளிலேயே இருக்கும்.