டெம்புரா மாவுக்குப் பொருந்தாத இயந்திரம்: பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் உறைநிலை உணவு தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன், எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். டெம்புரா (ஜப்பானிய முறையில் மொறுமொறுப்பாகப் பொரிப்பதற்கான) மாவு பூசிய இறால், வெங்காய வளையம் ஆகியவற்றுக்காக, கோவைத் தயாரிப்பாளர் ஒருவரிடம் ரூ.9.40 லட்சத்துக்கு மாவு பூசும் இயந்திரம் வாங்கினேன். பர்சேஸ் ஆர்டரில் ‘டெம்புரா மாவுக்காக’ என்றே குறிப்பிட்டிருந்தேன். பூச்சு உப்பாமல் தட்டையாக வந்து எண்ணெய் குடிக்கிறது. நான்காம் நாளே வாட்ஸ்அப்பில் வீடியோவுடன் எழுதி அனுப்பினேன். ‘உங்கள் மாவுக் கலவைதான் சரியில்லை’ என்கிறார்கள். நாங்களே தொட்டியைச் சுற்றிக் குளிரூட்டும் உறையை வெல்டிங் செய்தும் பயனில்லை. ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன. பாக்கி ரூ.1.88 லட்சம் கேட்டு நெருக்குகிறார்கள். பில்லில் ‘கோவை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று அச்சிட்டிருக்கிறது. மதுரை நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்து, இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்க முடியுமா?

பதில்: இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்து முழுத் தொகையைப் பெறும் நிலையை நீங்கள் பெரும்பாலும் கடந்துவிட்டீர்கள். ஆனால் நஷ்டஈடு பெறவும் பாக்கித் தொகையில் கழித்துக்கொள்ளவும் உங்களுக்கு நல்ல வழக்கு இருக்கிறது. பர்சேஸ் ஆர்டரில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே அதற்கு அடிப்படை.

சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 16(1) பிரிவின்படி, வாங்குபவர் தமக்கு எந்தக் குறிப்பிட்ட பயனுக்காகப் பொருள் தேவை என்பதைத் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், அப்பொருள் அப்பயனுக்குத் தகுந்ததாக இருக்கவேண்டும் என்பது சொல்லாமலே ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனையாகும். டெம்புரா மாவு சாதாரண மேல்மாவு அன்று. சோடா உப்பும் அமிலமும் சேர்ந்து உண்டாக்கும் வாயு, கொதிக்கும் எண்ணெயில் விரிந்தால்தான் அந்தக் கரடுமுரடான, மொறுமொறுப்பான பூச்சு கிடைக்கும். மாவைப் பம்பால் உறிஞ்சி மேலே ஏற்றித் திரைபோல் ஊற்றும் இயந்திரங்கள் மெல்லிய, ஒட்டுவதற்கான கரைசலுக்கு ஏற்றவை. அதே சுழற்சியில் டெம்புரா மாவை ஓடவிட்டால் பம்பு அடித்துக் கலக்குவதில் வாயு வெளியேறும், மாவும் சூடேறும். அதனால்தான் டெம்புராவுக்குப் பொருளை மாவுக்குள் முக்கி எடுக்கும் பெல்ட் அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். உங்களுக்கு வந்திருப்பது பம்பு வகையாக இருந்தால், குறை கலவையில் அல்ல, இயந்திரத் தேர்விலேயே இருக்கிறது என்று வலுவாக வாதிடலாம். மாடல் எண்ணை மட்டும் சொல்லி வாங்கியதாக எதிர்த்தரப்பு கூறக்கூடும். வணிகப் பெயரைச் சொல்லி வாங்கிய பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று அதே பிரிவு சொல்வதால், கொட்டேஷனுக்கு முந்தைய பேச்சுவார்த்தைக் கடிதங்களைத் தேடி எடுங்கள்.

உங்களைப் பலவீனப்படுத்துவது அந்த வெல்டிங்தான். பொருளைப் பெற்றபின், விற்பவரின் உரிமைக்கு ஒவ்வாத செயலைச் செய்தாலோ, நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டாலோ, பொருளை ஏற்றுக்கொண்டதாகவே அதே சட்டத்தின் 42ஆம் பிரிவு கருதுகிறது. ஏற்றுக்கொண்ட பிறகு, 13(2) பிரிவின்படி, நிபந்தனை மீறலை, பொருளைத் திருப்பித் தர இடமில்லாத உத்தரவாத மீறலாக மட்டுமே கொண்டு இழப்பீடு கேட்க முடியும். 59ஆம் பிரிவு அதற்கு வழிவிடுகிறது: மீறலைக் காட்டி விலையைக் குறைக்கலாம், தனியாக நஷ்டஈடும் கோரலாம். ஆகவே பாக்கியை நிறுத்தி வைத்ததற்குச் சட்ட ஆதரவு உண்டு. ஆனால் அந்தக் காரணத்தை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தத் தயாரிப்பாளர் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதிக் கவுன்சிலை (Facilitation Council) அணுகி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்குக் கூட்டு வட்டி கேட்கலாம். பொருள் வந்த 15 நாள்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அச்சட்டம் கொள்ளும். உங்கள் நான்காம் நாள் வாட்ஸ்அப் செய்தி இங்கே மிகப் பெரிய துணை. மின்னணு வடிவில் உள்ளதை எழுத்தாக ஏற்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இடமளிக்கிறது. அந்தச் செல்பேசியை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழும் தேவைப்படும்.

நுகர்வோர் ஆணையத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் அல்லர். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவருக்கு விலக்கு உண்டு என்றாலும், 1995-இல் லட்சுமி என்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியபடி, ஓரிரு உதவியாளருடன் தாமே உழைப்பவரின் நிலை அது. எட்டு ஊழியர் உள்ள கூடத்துக்கு அந்த விலக்கைப் பெறுவது கடினம். தள்ளுபடியானால் காலம் வீணாகும்.

சரியான இடம் வணிக நீதிமன்றம். கோரிக்கையின் மதிப்பு மூன்று லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காதபோது, வழக்குக்கு முன் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஏ பிரிவின்கீழ் சமரசம் கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அதைச் சடங்காக எண்ணவேண்டாம். பூசும் பகுதியை மட்டும் முக்கும் வகைக்கு மாற்றித் தரத் தயாரிப்பாளர் முன்வந்தால், நீண்ட வழக்கைவிட அதுவே உங்கள் தொழிலுக்குப் பயன். கோவை எல்லை குறித்த வரி, நீங்கள் கையெழுத்திட்ட கொட்டேஷனில் இருந்தால் பெரும்பாலும் உங்களைக் கட்டுப்படுத்தும். பேசி முடித்த பிறகு வந்த பில்லில் மட்டும் இருந்தால், அது ஒப்பந்தத்தின் பகுதியே அன்று என்று மதுரையிலேயே வாதிடலாம்.

இந்த வாரமே வழக்கறிஞர் மூலம், குறையையும் பாக்கியை நிறுத்திய காரணத்தையும் கூறி, ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். இயந்திரத்தில் இனி எதையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். கழற்றிய பாகங்களைப் பத்திரமாக வையுங்கள். பம்பை ஓட்டுவதற்கு முன்னும், கால் மணி நேரம் ஓட்டிய பின்னும், ஒரே தொட்டி மாவின் வெப்பநிலை, கெட்டித்தன்மை, பொருளில் ஒட்டும் மாவின் எடை ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து, இரண்டு மாவிலும் பொரித்த துண்டுகளைப் படமெடுங்கள். வழக்கு வந்தால் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரும், தஞ்சாவூர் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடத்தைச் சேர்ந்த நிபுணரும் இதே சோதனையைச் செய்து பார்க்கும்படி மனு செய்யலாம். வீணான மாவு, எண்ணெய், மின்கட்டணம் ஆகியவற்றின் ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். இதனால் ஓட்டல் ஆர்டர் ஏதேனும் கைவிட்டுப்போயிருந்து, அதன் லாபத்தையும் கேட்கவேண்டுமென்றால், அந்த ஆர்டரைப் பற்றி வாங்கும்போதே விற்பவர் அறிந்திருந்தார் என்று நீங்கள் காட்டவேண்டும்.