மிரளும் நாயும் மாலை நடையும்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

வீட்டுக்குள் பூனைபோல் கிடக்கும் நாய், கயிறு கட்டி வாசலைத் தாண்டியதும் வேறொன்றாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சில நாய்கள் பாய்கின்றன, சில குரைக்கின்றன, சில கால் மடங்கி நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுகின்றன. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கவலைதான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

*டாக்டர் அம்மா, எங்கள் கருப்பனுக்கு இரண்டு வயது. குப்பைத்தொட்டி ஓரம் குட்டியாகக் கிடந்தவன். வீட்டில் குழந்தைகள் மேலே ஏறி விளையாடினாலும் சும்மா இருப்பான். தெருவில் இன்னொரு நாயைக் கண்டால் போதும், இரண்டு காலில் நின்று குரைக்கிறான். இழுத்துப் பிடித்து அதட்டுகிறேன். நாளுக்கு நாள் அதிகமாகிறது. இவன் குணமே இதுதானா?*
*(வாசகி, கும்பகோணம்)*

குணத்தைப் பழிக்காதீர்கள் அம்மா, அவன் பயந்துபோயிருக்கிறான். கயிறு இல்லாத நாய்க்கு மிரண்டால் ஒதுங்கி ஓட வழி உண்டு. கட்டிய நாய்க்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. எதிரில் வருவதைக் குரைத்து விரட்டுவது ஒன்றுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து நீங்களும் கழுத்தை இழுத்து அதட்டினால், ‘அந்த நாய் வந்தால் எனக்கு வலிக்கும்’ என்ற கணக்கு அவன் மனத்தில் ஏறிவிடும். நாளுக்கு நாள் அதிகமாவது அதனால்தான்.

இதற்கு முதல் மருந்து தூரம். ஒவ்வொரு நாய்க்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதற்கு அப்பால் இன்னொரு நாய் நின்றால் பார்க்கும், பார்த்துவிட்டு உங்கள் கையிலிருந்து தின்னும். அதற்குள் வந்துவிட்டால் காதும் கேட்காது, தீனியும் இறங்காது. கருப்பனுக்கு அந்த எல்லை எத்தனை அடி என்று கண்டுபிடியுங்கள். அவன் வாயைப் பாருங்கள். நடக்கும்போது நாக்கு தொங்க மூச்சுவிட்டு வருவான். எதையோ கண்டதும் சட்டென்று வாய் மூடும். காது முன்னே வரும், வாலின் ஆட்டம் நிற்கும், கழுத்துக்குப் பின்னால் மயிர் லேசாக எழும். வாய் மூடுவதற்கும் முதல் குரைப்புக்கும் நடுவே உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு வினாடிதான். அதற்குள் சிரித்த குரலில் பெயரைச் சொல்லி அழைத்துத் திரும்பி நடந்துவிடுங்கள். எதிர்நாயை நோக்கி நேராகப் போகவே வேண்டாம். வளைந்து ஒதுங்கிப் போங்கள்.

அந்த எல்லைக்கு வெளியே நிற்கப் பழகிய பிறகு அடுத்த வேலை. எதிரில் நாய் தெரிகிறது, கருப்பன் பார்க்கிறான். உடனே சுண்டுவிரல் நகம் அளவு வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. அந்த நாய் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும் வரை துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அது மறைந்ததும் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. பலர் நாய் வருவதைத் தாங்கள் முதலில் பார்த்துவிட்டுப் பதறிக் கோழியை நீட்டுகிறார்கள். பிறகு கோழி வாசனை வந்தாலே நாய் மிரண்டு சுற்றிப் பார்க்கிறது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நூறாண்டுக்கு முன்பே நாய்களிடம் கண்ட விதிதான் இது. எது முதலில் வருகிறதோ அது பின்னால் வருவதற்கு அறிகுறியாகிவிடும்.

உங்கள் ஊர்ச் சந்துகளில் தூரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கோடையில் வறண்டு கிடக்கும் அரசலாற்று மணலைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. வெகு தூரத்தில் வரும் நாயும் கண்ணுக்குத் தெரியும், எந்தப் பக்கமும் ஒதுங்கலாம். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் படுகைச் சாலைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. குழந்தைகள் அவன்மேல் ஏறுவதை இன்றோடு நிறுத்துங்கள். அவன் பொறுத்துக்கொள்கிறான் என்பதற்காக அது அவனுக்குப் பிடித்திருக்கிறது என்று ஆகாது.

*வணக்கம் டாக்டர். என் சிப்பிப்பாறை நாயை அறுவடை முடிந்த வயல் பக்கம் அழைத்துப் போகிறேன். வாத்துக் கூட்டத்தையோ ஆட்டுக் கிடையையோ கண்டால் கையைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறான். நீங்கள் சொல்லும் பயம்தானா இதுவும்?*
*(கல்லூரி மாணவர், மன்னார்குடி அருகே)*

இல்லை தம்பி, இது வேட்டை. சிப்பிப்பாறை, ராஜபாளையம், கன்னி எல்லாம் வேட்டைக்கு வளர்க்கப்பட்ட இனங்கள். ஓடுவது கண்ணில் பட்டால் கால் தானாகக் கிளம்பும். அதட்டி இதை மாற்ற முடியாது. தை, மாசியில் சம்பா அறுத்த தாளடியில் வாத்துப் பட்டி இறங்கும் நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு வாத்துக்காரரின் பிழைப்பு அந்தக் கூட்டத்தில் இருக்கிறது.

இந்த இனத்துக்குத் தலை ஒடுங்கலாக இருக்கும். சாதாரணக் கழுத்துப்பட்டையைப் பின்னுக்கு நகர்ந்தே உருவிக்கொள்ளும். மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் வாங்கி அளவு பார்த்துப் போடுங்கள். ஆள் இல்லாத தரிசில், பதினைந்து இருபது அடி நீளமுள்ள பருத்திக் கயிற்றில் விட்டுப் பழக்குங்கள். மெல்லிய நைலான் கயிறு வேண்டாம், உள்ளங்கையை அறுத்துவிடும். கூப்பிட்டதும் திரும்பி வந்தால் ஒவ்வொரு முறையும் ஏதாவது கொடுங்கள். ஒரு முறைகூட வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.

வரப்போரம் எலிக்கு வைத்த மருந்து கிடக்கலாம், மருந்தடித்த வயலின் தண்ணீரைக் குடித்துவிடலாம். வரப்பு வளையில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் இருக்கும். இருட்டியபின் வரப்பில் நடக்கவே நடக்காதீர்கள்.

*எல்லோரும் சொல்கிறார்களே என்று கூர் உள்ள சங்கிலிப் பட்டை வாங்கிவிட்டேன். எனக்கு வயது 68. நாய் 30 கிலோ. போடலாமா?*
*(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவையாறு)*

போட வேண்டாம் ஐயா. வலிக்குப் பயந்து குரைப்பை அடக்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் மிரட்சி அப்படியேதான் இருக்கும். உறுமாமல் கடிக்கும் நாய்கள் பல இப்படித்தான் உருவாகின்றன. உறுமல் நமக்குத் தரும் எச்சரிக்கை. அதை அழித்துவிடக் கூடாது.

கயிற்றை மாட்டும் வளையம் மார்பின் முன்பக்கம் இருக்கும் ஹார்னஸ் கேட்டு வாங்குங்கள். நாய் முன்னே பாய்ந்தால் அதன் உடலே பக்கவாட்டில் திரும்பிவிடும், உங்கள் தோளுக்குப் பாரம் குறையும். கயிறு ஆறடி போதும். அதைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். சுற்றிய கையோடு விழுந்து மணிக்கட்டு உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடியைக் கட்டைவிரலில் மாட்டி உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள்.

படிப்பு முடித்த புதிதில் நானும் இழுத்து அடக்குகிறவளாகத்தான் இருந்தேன். புது ஆற்றங்கரையில் என் நாய் மணியை இழுத்து நிறுத்தியபோது திரும்பிய வேகத்தில் என் கெண்டைக்காலைப் பற்றிவிட்டது. எதிரில் இருந்த நாயை எட்ட முடியாத ஆத்திரம், பக்கத்தில் இருந்த என்மேல் விழுந்தது. அடுத்த நொடி அது தரையோடு தரையாகப் படுத்து நடுங்கியதை நான் மறக்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

*எங்கள் தெருவில் சாவு ஊர்வலத்தில் வெடி போட்டதிலிருந்து எங்கள் சிட்டு வெளியே வர மறுக்கிறது. தேர்த் திருவிழா வேறு வருகிறது. மடியில் வைத்துக்கொண்டால் பயம் கூடிவிடும் என்கிறார்களே?*
*(வாசகி, திருவாரூர்)*

தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டிக்கொடுப்பதால் பயம் வளராது. தனியாகக் கட்டிப்போட்டால் வளரும். வெடிக்குப் பிறகு நாலைந்து நாள் நடையே வேண்டாம், வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். பிறகு முதல் நாள் பத்தடி, மறுநாள் எதிர்வீடு வரை. சிட்டு நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

ஆழித்தேர் ஓடும் நாட்களில் அதை வெளியே அழைத்துவரவே வேண்டாம். பின்கட்டு அறையில் மின்விசிறியை ஓடவிட்டு, சன்னலைச் சாத்தி, யாராவது ஒருவர் உடன் இருங்கள். மிரண்டு கதவைத் தாண்டி ஓடும் நாய்கள் அந்த வாரத்தில்தான் அதிகம் காணாமல் போகின்றன. கழுத்துப்பட்டையில் கைபேசி எண்ணை எழுதித் தைத்துவிடுங்கள். நடுக்கம் அதிகமென்றால் முன்கூட்டியே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். திருவிழாவுக்கு முன்பே தொடங்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. வீட்டில் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் தூக்க மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

*தெருநாய்கள் கூட்டமாகச் சூழ்ந்துகொள்கின்றன. என்ன செய்வது?*
*(வாசகர், மயிலாடுதுறை)*

அவற்றுக்கு அந்தத் தெரு அவற்றின் வீடு. நீங்கள் கடந்து போகிறவர் என்று தெரிந்தால் பெரும்பாலும் தெருமுனையோடு நின்றுவிடும். ஓடாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள். உங்கள் நாயை உங்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முகம் காட்டியபடியே பின்னால் நகருங்கள். கையில் ஒரு குடை இருக்கட்டும். படீரென்று விரித்தால் முன்னே வருகிற நாய் தயங்கும். பையில் ஒரு பிடி பிஸ்கட் துண்டுகளும் வைத்திருங்கள். அவற்றின் முகத்துக்கு நேராகத் தரையில் வீசினால் மூக்கு கீழே போய்விடும், நீங்கள் நழுவிவிடலாம்.

உங்களைக் கடித்துவிட்டால், கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள், எல்லாத் தவணையையும் முடியுங்கள். வெறிநோய் வந்தபின் காப்பாற்ற வழி இல்லை என்பதால் இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. உங்கள் நாய் கடிபட்டால், ஆண்டு ஊசி போட்டிருந்தாலும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

*ஏழு வயது நாய். இதுவரை சாது. பத்து நாளாக நடையில் யார் அருகில் வந்தாலும் உறுமுகிறது.*
*(வாசகர், நாகப்பட்டினம்)*

பயிற்சி வேண்டாம், பரிசோதனை வேண்டும். திடீரென்று குணம் மாறினால் முதலில் வலியைத்தான் சந்தேகிப்பேன். காதில் சீழ், இடுப்பு மூட்டு, பல், மங்கும் கண், உண்ணிக் காய்ச்சல் என எதுவாகவும் இருக்கலாம். பக்கத்து மருத்துவமனையில் பிடிபடாவிட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

*வாய்க்கூடு போடுவது பாவமில்லையா?*
*(வாசகி, வல்லம்)*

கன்றுக்குட்டிக்குப் போடுவதைப் பாவம் என்று நினைக்கிறோமா? வாய் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வகையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகையோடு இந்த வெயிலில் நடந்தால் மூச்சுத் திணறிவிடும். பத்து நாள் கூடைக்குள்ளேயே தீனி வைத்து, அதுவாக மூக்கை நுழைக்கும்வரை காத்திருந்து மாட்டுங்கள்.

*மூன்று வாரமாக நீங்கள் முன்பு சொன்னபடி செய்கிறேன். நேற்று வரை நன்றாக வந்தான். இன்று மறுபடி குரைத்துவிட்டான். எல்லாம் வீண்தானா?*
*(வாசகர், பாபநாசம்)*

வீணில்லை. காலையில் லாரி ஹாரன், மதியம் பக்கத்து வீட்டில் கல் உடைக்கும் சத்தம், மாலையில் எதிரில் ஒரு நாய் என்று ஒரே நாளில் மிரட்சி மேல் மிரட்சி சேர்ந்தால் நேற்றுத் தாங்கிய தூரத்தை இன்று தாங்காது. மாதக்கணக்கில் ஆகும் வேலை இது, நடுவே இப்படிச் சறுக்கும். சறுக்கிய நாளுக்கு மறுநாள் நடையை விட்டுவிடுங்கள். பழைய துண்டு ஒன்றை விரித்து, பத்துப் பன்னிரண்டு தீனித் துண்டுகளை உள்ளே வைத்துச் சுருட்டித் திண்ணையில் போடுங்கள். மூக்கால் முட்டி முட்டி ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கட்டும். கால் மணி நேரத்தில் களைத்துத் துண்டின்மேலேயே தூங்கிவிடுவான். எழுப்பாதீர்கள்.