டைமிங் பெல்ட்: கேம் குறி ஒரு பல் தள்ளி நிற்பது

புது டைமிங் பெல்ட் (பிஸ்டன்களோடு இணைந்த கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேமையும் சேர்த்து ஓட்டும் பல் பெல்ட்) மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றியதும் கேம் குறி ஒரு பல் தள்ளி நிற்கிறது, ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். பிஸ்டன் தட்டினால் வால்வு வளைந்துவிடும்.

நீங்கள் பார்ப்பது பெல்ட்டில் அச்சடித்த கோடுகளையா, புல்லியில் உள்ள குறியையா? பெல்ட் கோடுகள் மாட்டும்போது மட்டும்தான் உதவும். இரண்டு சுற்றில் அவை திரும்பி வராது. புல்லிக் குறியும், புல்லியைச் சரியான இடத்தில் நிறுத்தும் லாக் பின்னும்தான் கணக்கு.

புல்லிக் குறியே தள்ளியிருந்தால், பெரும்பாலும் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) இல்லாத பக்கம் தொய்வு விட்டு மாட்டியிருப்பீர்கள். டென்ஷனர் அந்தத் தொய்வை இழுக்கும்போது கேம் திரும்பிவிடும். பெல்ட்டைக் கழற்றுங்கள். நான்கு சிலிண்டர் என்றால், கிராங்கை 90 டிகிரி பின்னால் திருப்பி பிஸ்டன்களை நடுவில் நிறுத்திவிட்டுக் கேமைச் சரிசெய்யுங்கள். பிறகு கிராங்கை அதே 90 டிகிரி முன்னால் திருப்பி, வந்த வழியே குறிக்குக் கொண்டுவாருங்கள். கிராங்க் புல்லியில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கத்தை விறைப்பாகப் பிடித்தபடி மாட்டுங்கள். மிச்சத் தொய்வெல்லாம் டென்ஷனர் பக்கம் சேரட்டும். இன்ஜின் குளிர்ந்த நிலையில் டென்ஷனர் முள் காடிக்கு நேராக நிற்க வேண்டும்.

மறுபடி இரண்டு சுற்று, இன்ஜின் ஓடும் திசையில் மட்டும். டீசல் இன்ஜின் என்றால், க்ளோ பிளக்குகளை (சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்குகள்) கழற்றிவிட்டால் கம்ப்ரஷன் தடுக்காது, லேசாகச் சுற்றும். அப்படியும் 'டக்'கென்று முட்டி நின்றால் பலம் கொடுக்காதீர்கள்.

லாக் பின்னை நம்பி போல்ட்டை இறுக்காதீர்கள், புல்லியைத் தனியாகப் பிடிக்க வேண்டும். இத்தனை டிகிரி என்று கோண அளவில் இறுக்கும் போல்ட்டுகளுக்குப் புதியதே போடுங்கள். டீசலைச் செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்பும் இதே பெல்ட்டில் ஓடினால் அதன் குறியையும் பாருங்கள்.