அமெரிக்காவில் பேரிடரில் இறந்தவரின் உறவினருக்குக் கிரீன் கார்டு கிடைக்குமா?

அமெரிக்காவில் வெள்ளத்திலோ காட்டுத்தீயிலோ ஒருவர் உயிரிழந்தால், அவருடைய மனைவி மக்களும் உடன்பிறந்தாரும் அந்த இழப்பின் பேரில் கிரீன் கார்டு கோர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேரிடர் என்பதற்காக மட்டும் அந்நாட்டுச் சட்டம் யாருக்கும் நிரந்தர வசிப்புரிமை தருவதில்லை. இறந்தவர் குடிமகனா, அவர் கொடுத்த மனுவோ அவருக்காகக் கொடுக்கப்பட்ட மனுவோ அன்று நடப்பில் இருந்ததா, உறவினர் அன்று எங்கே வசித்துவந்தார் ஆகிய மூன்றையும் வைத்தே உரிமை முடிவாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் நெருங்கிய நண்பர் ஒருவர் அங்கே வெள்ளத்தில் சிக்கி இறந்தார். அவர் எச்-1பி என்னும் வேலை விசாவில் இருந்தார். வேலைவாய்ப்பு வழியில் கிரீன் கார்டு கோரி நிறுவனம் அவருக்காகக் கொடுத்திருந்த ஐ-140 மனு முன்பே ஏற்கப்பட்டிருந்தது. மனைவியும் இரு குழந்தைகளும், அவரைச் சார்ந்தோருக்கான எச்-4 விசாவில் இருந்தார்கள். இறுதிச் சடங்கு முடிந்த வாரத்திலேயே ஓர் ஆலோசகர், "எல்லாம் முடிந்துவிட்டது, ஊருக்குத் திரும்பிவிடுங்கள்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார். துயரத்தில் இருக்கும் ஒரு குடும்பத்திடம் பாதி மட்டுமே உண்மையான ஒன்றை முழு உண்மைபோலச் சொல்வது எவ்வளவு பெரிய தீங்கு என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். எச்-1பி வைத்திருந்தவர் இறந்ததும் எச்-4 நிலைக்கு அடிப்படை இல்லாமற்போகிறது என்பது மெய்; ஆகவே மாணவர் விசா போன்ற வேறொரு நிலைக்கு மாற உடனே முயல வேண்டும். ஆனால், கிரீன் கார்டுக்கான மனுவும் அவரோடு இறந்துவிட்டது என்பது மெய்யல்ல.

2009 அக்டோபர் 28 அன்று குடிவரவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 204(எல்) என்ற பிரிவுதான் இதற்குக் காரணம். குடும்ப வழி மனுவைக் கொடுத்தவர் இறந்தாலும், வேலைவாய்ப்பு மனுவின் முதன்மைப் பயனாளி, அதாவது நிறுவனம் யாருக்காக மனு கொடுத்ததோ அவர், இறந்தாலும், அந்த மனு நிலுவையில் இருந்ததோ ஏற்கப்பட்டிருந்ததோ எதுவாயினும், எஞ்சியிருக்கும் உறவினருக்காக அதைத் தொடர்ந்து பரிசீலிக்க இப்பிரிவு இடமளிக்கிறது. இறப்பு நேர்ந்த நாளில் உறவினர் அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும், இன்றும் அங்கேயே வசித்துவர வேண்டும் என்பது நிபந்தனை. வசிப்பது என்றால் அன்று உடலளவில் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று பொருளல்ல. வீடு அங்கே இருக்க, விடுமுறைக்காகச் சில வாரம் ஊருக்கு வந்திருந்தவரும் அங்கே வசிப்பவரே. ஒரே மனுவின் பயனாளிகளுள் ஒருவர் இந்த நிபந்தனையை நிறைவேற்றினால் மற்றவர்களுக்கும் அது பயன்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆயினும் கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் காலம் இதனால் குறைவதில்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அது நீண்ட காத்திருப்பாகவே இருக்கும்.

இறந்தவர் அமெரிக்கக் குடிமகனாக இருந்தால், மனைவிக்கோ கணவருக்கோ தனி வழி உண்டு. அவர் இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், துணையை இழந்தவர் தமக்காகக் கொடுக்கும் ஐ-360 மனுவைத் தாமே கொடுக்கலாம். சட்டப்படி பிரிந்து வாழ்ந்திருக்கக் கூடாது, மறுமணம் செய்திருக்கக் கூடாது. திருமணமாகி இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் 2009இல் நீக்கப்பட்டுவிட்டது. இவர் அமெரிக்காவுக்கு வெளியே வசித்தாலும் கோரலாம். இறப்புக்கு முன்பே கணவர் மனைவிக்காக ஐ-130 என்னும் குடும்ப வழி மனு கொடுத்திருந்தால் அதுவே ஐ-360 ஆக மாற்றிக் கொள்ளப்படும்.

உங்கள் கேள்வியில் இருக்கும் உடன்பிறந்தார் நிலைதான் கடினமானது. குடிமகனான அண்ணன் தம் தங்கைக்காகக் கொடுத்த மனு ஏற்கப்பட்ட பிறகு அவர் இறந்து, தங்கை வெளிநாட்டில் வசித்தால், மனிதாபிமான அடிப்படையில் அந்த மனுவுக்கு மீண்டும் உயிர் தருமாறு கேட்கலாம். இது உரிமையன்று, அதிகாரியின் விருப்புரிமை. அத்துடன், இறந்தவரின் இடத்தில் பொருளாதாரப் பொறுப்பேற்று ஐ-864 படிவத்தில் கையெழுத்திட, அமெரிக்காவில் குடியிருக்கும் குடிமகன் அல்லது கிரீன் கார்டு பெற்ற நெருங்கிய உறவினர் ஒருவர் வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தார், மாமனார், மாமியார், மைத்துனர், பாட்டன், பாட்டி போன்றோரைச் சட்டம் ஏற்கிறது. சித்தப்பாவும் ஒன்றுவிட்ட சகோதரரும் அந்தப் பட்டியலில் இல்லை. மனு ஏற்கப்படுமுன்பே அண்ணன் இறந்திருந்தால் இந்த வழியும் இல்லை.

ஒரு குறிப்பிட்ட பேரழிவுக்கென்றே தனிச் சட்டம் வந்த முன்மாதிரியும் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று கையெழுத்தான சட்டத்தில், பலியானோரின் குடும்பத்தாருக்கான குடிவரவுச் சலுகைகளும் இடம்பெற்றன. ஆனால், மனு எதுவும் முன்னரே கொடுக்கப்படாத தற்காலிக விசாக்காரர்களின் குடும்பங்களுக்கு அதில் நிரந்தர வழி கிடைக்கவில்லை. அத்தகைய தனிச் சட்டம் வரும் என்று காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிட வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் இறப்புச் சான்றிதழையும், மனுவின் ரசீது எண்ணையும், இறந்த நாளில் குடும்பம் அங்கே வசித்ததைக் காட்டும் வாடகை ஒப்பந்தம், பள்ளிப் பதிவு, வரிக்கணக்கு ஆகியவற்றையும் திரட்டுங்கள். வீட்டோடு தாள்களும் அழிந்திருந்தால் அதைக் குடிவரவு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பேரிடரால் பாதிக்கப்பட்டோர் விரைவுப் பரிசீலனையும் கட்டண விலக்கும் கோரலாம். அந்த நண்பரின் குடும்பத்துக்கு மிகவும் உதவியது, பிள்ளைகளின் பள்ளி கொடுத்த ஒரு பக்கக் கடிதம்.